வைன் குடிக்கும் பழக்கமும் அதன் உற்பத்தியும் காலப்போக்கில் எப்படி மாறியிருக்கின்றன?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் என் ஐயா. இலங்கையின் வடக்கே பூநகரியில் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். மற்றவர் பிரான்சின் தெற்கே, பெசியே நகருக்கு வெளியே முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர். 1998இல் பிரான்சுக்குப் போன நான் பாரிசில் உணவகங்களில் கோப்பை கழுவினேன். 2001 தொடக்கம் பதினாறு வருடம், செப்டெம்பர் வந்தால் லீவு எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரின் தோட்டத்தில் பழம் வெட்டப் போய்விடுவேன். இப்போது திரும்பவும் பூநகரியில் இருக்கிறேன். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம். உங்கள் முந்திரிப்பருப்பு எங்களுக்குக் கஜு. கத்தோலிக்கக் கோயிலில் மட்டும்தான் ‘திராட்சை இரசம்’ என்று கேட்டிருக்கிறேன்.)

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். வைன் ஒரு காலத்தில் சாப்பாட்டோடு சேர்ந்தது. வயலுக்குப் போகிறவன் பாணோடும் வெங்காயத்தோடும் கட்டிக்கொண்டு போனது. இன்று அது ஆட்கள் வரும்போது திறக்கிற போத்தல். குடிக்கிற அளவு குறைந்துவிட்டது, போத்தலைப் பற்றிய பேச்சு கூடிவிட்டது. உற்பத்தியில் வந்த மாற்றங்களில் பாதி இதனால் வந்தவை. மற்றப் பாதி பூச்சியாலும் வெயிலாலும் வந்தவை.

பெரியவர் 1927இல் பிறந்தவர். அவருடைய தகப்பன் வயலுக்குப் போகும்போது இரண்டு லீற்றர் வைன் கொண்டுபோவாராம். தண்ணீர் கலந்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். பெசியேயைச் சுற்றியுள்ள தென்பகுதியை லாங்குடொக் என்பார்கள்; அந்தக் காலத்து லாங்குடொக் வைனில் மதுசாரம் (அல்கஹோல்) எட்டு, ஒன்பது வீதம்தான். கிணற்றுத் தண்ணீரை நம்ப முடியாத ஊர்களில் வைன் பாதுகாப்பான பானமாகவும் இருந்தது. முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு நாளுக்குக் கால் லீற்றர் வைன் பங்கீடாகத் தொடங்கி, பிறகு அரை லீற்றரானது. பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையிலும் வைன் இருந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் வைன் கொடுக்கக் கூடாது என்று பிரான்ஸ் சொன்னது 1956இல்தான். உயர்பள்ளி மாணவர்களுக்கு 1981வரை அந்தத் தடைகூட இல்லை. இதை முதன்முதல் கேட்டபோது நான் நம்பவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரும் அப்படித்தானே இருந்தது? அரிவு வெட்டு நாளில் வரம்பில் ஒரு முட்டி கள்ளு இருக்கும். ஒடியல் கூழோடும் கருவாட்டோடும் ஒரு பிளா. (பிளா என்றால் பனையோலையை மடித்துக் கட்டிய குவளை.) அது வெறிக்கக் குடிப்பது இல்லை. வெயிலுக்கும் களைப்புக்கும் குடிப்பது. பின்னேரம் வெறிக்கக் குடிக்கிறவர்களும் இருந்தார்கள், அவர்களின் வீடுகளில் நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பதிலை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் சாப்பாடாக இருந்த ஒன்று எப்படி வேறொன்றாக மாறுகிறது என்பது பெசியேக்கும் பூநகரிக்கும் ஒரே கதை.

ஒரு முறை தொலைபேசியில் ஐயாவிடம், இங்கே சில வைனை இருபது வருடம் நிலவறையில் வைத்துக் குடிக்கிறார்கள் என்று சொன்னேன். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இருபது வருசமோ? எங்கட கள்ளு இருபது மணித்தியாலம் நிண்டாலே புளிச்சுப் போயிடும், தம்பி” என்றார்.

வைனின் வரலாறு முழுக்க அந்த வசனத்துக்குள் இருக்கிறது என்று எனக்குப் பிறகு பட்டது. இரண்டும் ஒரே வேலைதான்: நுண்ணுயிர்கள் சர்க்கரையை மதுசாரமாக்குகின்றன. கள்ளில் மதுசாரம் நாலு, ஐந்து வீதத்தோடு நின்றுவிடும், அடுத்த நாளே வினாகிரியின் பக்கம் சாயத் தொடங்கும். முந்திரிகைச் சாற்றில் சர்க்கரையும் புளிப்பும் கூட. மதுசாரம் பன்னிரண்டு, பதின்மூன்று வீதம் வரை ஏறும், காற்றுப் படாமல் மூடினால் நிற்கும். நிற்கிற பொருளைக் கப்பலில் ஏற்றலாம். கப்பலில் ஏற்றக்கூடிய பொருளுக்கு வரி உண்டு, வியாபாரி உண்டு, பெயர் உண்டு. ஜோர்ஜியாவில் கண்டெடுத்த மண்பாண்டங்களில் ஏறத்தாழ 8,000 வருடப் பழைய வைனின் எச்சம் இருந்ததாக 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த நாட்டில் இன்றும் பெரிய மண்தாழியை நிலத்தில் புதைத்து வைன் ஆக்குகிறார்கள். ரோமாபுரிக் காலத்தில் அம்போரா என்ற ஒடுங்கிய அடிப்பாகமுள்ள சாடிகளில் வைன் எங்கள் கடல்வரை வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் அந்தச் சாடித் துண்டுகள் கிடைத்தன. புறநானூற்றில் பாண்டியனுக்கு யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பற்றிய பாட்டு இருக்கிறது. எங்கள் ஏ32 வீதியில் தெற்கே போனால் வருகிற மாந்தையும் மேற்காசியப் பாண்டங்களும் சீனப் பாண்டங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய துறைமுகம்தான். யவனர் அனுப்பிய தேறல் எங்கள் கரைக்கு வந்தது. எங்கள் கள்ளு மரத்தடியைத் தாண்டிப் போகவில்லை.

சரி, உற்பத்திக்கு வருகிறேன். இங்கேதான் பெரியவர் சொன்ன கதைகளைக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிசுக்கும் தெற்குக்கும் ரயில் பாதை வந்தது. லாங்குடொக் வைன், வடக்கே ஆலைத் தொழிலாளர்களுக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போகத் தொடங்கியது. கோதுமை விளைந்த நிலமெல்லாம் முந்திரிகையானது. அந்த நேரம் பார்த்து, 1860களில், ரோன் ஆற்றின் கீழ்ப்பகுதித் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. வேரைத் தோண்டிப் பார்த்தபோது மிகச் சிறிய மஞ்சள் பூச்சி. பிலொக்சரா என்று பெயர். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு வந்தது. 1875இல் பிரான்ஸ் செய்த வைன் ஏறத்தாழ 845 கோடி லீற்றர். 1889இல் அது 234 கோடி லீற்றராக விழுந்தது. எத்தனை குடும்பங்கள் ஊரை விட்டுப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இடம்பெயர்ந்த ஊர்க்காரனான எனக்கு அந்தக் கணக்கு வெறும் கணக்காகப் படவில்லை.

மருந்து, பூச்சி வந்த இடத்திலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். ஆகவே அமெரிக்க வேர்க்கட்டையில் பிரெஞ்சுக் கிளையை ஒட்டினார்கள். இன்று ஐரோப்பாவில் நீங்கள் குடிக்கும் வைனில் பெரும்பகுதி இப்படி ஒட்டுக்கட்டிய கொடியில் காய்த்தது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்ந்தது. அதற்கு மருந்து போர்டோவில் கண்டுபிடித்தார்கள். வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருக்கப் பாதையோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்களாம். தெளித்த கொடியில் நோய் இல்லை என்பதை மியார்தே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885இல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தலுக்கும் எங்கள் பக்கம் தக்காளிக்கும் தெளிக்கிற அதே நீல மருந்து. கமத்தொழில் வகுப்பில் பெயரைப் பாடமாக்கிய எனக்கு, போர்டோ ஒரு ஊரின் பெயர் என்பது பிரான்சுக்குப் போன பிறகுதான் தெரியும்.

கொடி இல்லாத அந்த வருடங்களில் ஆட்கள் குடிக்காமல் இருக்கவில்லை. வியாபாரிகள் உலர்ந்த முந்திரிகையை ஊறவைத்தும் சீனி கரைத்தும் ‘வைன்’ செய்தார்கள். தோட்டங்கள் மீண்டு பழம் வந்தபோது, சந்தை முழுக்க அந்தக் கள்ள வைன். விலை விழுந்தது. 1907இல் தெற்கு எழுந்தது. மொன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள், பெரியவரின் பாட்டனும் நடந்தே போனாராம். நார்பொன்னில் இராணுவம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த ஒரு படைப்பிரிவு, தங்கள் சொந்தச் சனத்தைச் சுட மாட்டோம் என்று கலகம் செய்து பெசியேக்கு நடந்தது. அந்த மாதமே கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சிதான் 1935இல் வந்த பெயர்க் காப்புச் சட்டம்: இந்த ஊர்ப் பெயரைப் போடுவதென்றால் பழம் இந்த ஊரில் விளைந்திருக்க வேண்டும், இந்த இனக் கொடியாக இருக்க வேண்டும், ஒரு ஹெக்டேயருக்கு இவ்வளவுக்கு மேல் வரக்கூடாது. வைன் உற்பத்தியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். பழம் விளைவித்த கமக்காரன் தெருவில் இறங்கி வாங்கிய காப்பு அது.

அதற்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1976 மே மாதம் பாரிசில் பெயர் மறைத்து நடந்த சுவைப் போட்டியில் கலிபோர்னிய வைன்கள் பிரெஞ்சு வைன்களை முந்தின. அவுஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா எல்லாம் சந்தைக்கு வந்தன. போத்தலில் ஊர்ப் பெயருக்குப் பதில் பழத்தின் இனப் பெயரைப் பெரிதாகப் போடும் வழக்கம் பரவியது. தக்கைக்குப் பதில் திருகு மூடி வந்தது. பழம் வெட்ட மெசின் வந்தது. நான் போன பக்கத்துத் தோட்டங்களில் முதல் வருடம் நாற்பது பேர் வெட்டிய இடத்தை, கடைசி வருடங்களில் ஒரு மெசின் இரவில் வெட்டிமுடித்தது.

குடிக்கிற பக்கத்தில் நடந்தது இதைவிடப் பெரிது. 1960இல் ஒரு பிரெஞ்சுக்காரர் வருடத்துக்கு 120 லீற்றர் அளவில் வைன் குடித்தார். இப்போது 40 லீற்றர் அளவில்தான். ஆலைவேலை போய்க் கதிரைவேலை வந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் வழக்கம் தேய்ந்தது. குழாய்த் தண்ணீர் நல்லதாயிற்று. வைத்தியர்களும் சொல்லத் தொடங்கினார்கள். சிவப்பு வைன் இறைச்சிச் சாப்பாட்டோடு கட்டுப்பட்டது, ஆகவே அதுதான் கூடுதலாகக் குறைந்தது. இளம் பிள்ளைகள் வெயிலில் குளிரவைத்துக் குடிக்கிற வெள்ளைக்கும் ரோசேக்கும் பியருக்கும் போனார்கள். பெரியவரின் பேரன் மேசையில் பியர் போத்தலை வைத்தபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் கிளாசை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

2024இல் உலகம் முழுக்கக் குடித்த வைன் ஏறத்தாழ 2,142 கோடி லீற்றர் என்று சர்வதேச கொடிமுந்திரி வைன் அமைப்பு கணக்கிட்டது. 1961க்குப் பிறகு அந்த வருடம்வரை இவ்வளவு குறைந்ததில்லை. அதே வருட உற்பத்தி 2,258 கோடி லீற்றர், அதுவும் அறுபது வருடங்களில் மிகக் குறைவு. உற்பத்தி குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் காலநிலை: உறைபனி, வறட்சி, பிந்திய மழை. அப்படியிருந்தும் விற்காமல் மிஞ்சுகிறது. 2023இல் மிஞ்சிய வைனை வடித்து மதுசாரமாக்கப் பிரான்சில் 20 கோடி யூரோ ஒதுக்கினார்கள். கைகழுவும் திரவத்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போகிற மதுசாரம். 2024இல் கொடியைப் பிடுங்குகிறவர்களுக்கு ஹெக்டேயருக்கு 4,000 யூரோ என்று அறிவித்தார்கள்.

பெரியவரின் மகனும் பிடுங்கச் சம்மதித்து எழுதிக் கொடுத்தார். நான் வெட்டிய வரிசைகள் இப்போது இல்லை. படம் அனுப்பியிருந்தார்: ஒரு மூலையில் கட்டைகள் குவிந்து கிடந்தன. பூநகரியில் பதுங்குகுழிக்கென்று தறித்துக் குவித்த பனங்குற்றிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பர்கண்டியில் போன் என்ற ஊரில் 1354 தொடக்கம் அறுவடை தொடங்கிய நாள்களைத் தொகுத்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. நானே கண்டதும் அதுதான். முதல் வருடம் செப்டெம்பர் நடுவில் குளிர்ச்சட்டையோடு வெட்டினோம், கடைசி வருடங்களில் ஓகஸ்ட் முடியுமுன்னரே வரச் சொல்லி அழைப்பு வந்துவிடும். வெயில் கூடினால் பழத்தில் சீனி கூடும், மதுசாரம் கூடும். பெரியவரின் தகப்பன் குடித்த எட்டு வீத வைன் இப்போது பதின்மூன்று, பதினான்கு. மறுபக்கம், ஒருகாலத்தில் முந்திரிகைக்குக் குளிர் என்று கருதிய இங்கிலாந்தின் தெற்கில் நல்ல நுரை வைன் செய்கிறார்கள்.

மதுசாரம் கூடிக்கொண்டு போகிற இதே காலத்தில் மதுசாரம் நீக்கிய வைனுக்கும் சந்தை வளர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் சட்டத்தை மாற்றி, மதுசாரம் எடுத்த பானத்தையும் ‘வைன்’ என்று விற்க வழிவிட்டது. அதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். வெற்றிடத்தில் வடிக்க வேண்டும் அல்லது சவ்வு வழியாக வடிகட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் முட்டியின் உள்ளே ஒரு பூச்சுச் சுண்ணாம்பு தடவினார்கள். சுண்ணாம்பு நொதிக்க விடாது, இறக்கினால் கருப்பநீர் (தமிழ்நாட்டில் பதநீர்). பிள்ளைத்தாய்ச்சியும் குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி. இந்த அறிவை நாங்கள் எவ்வளவு மலிவாக வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு பேர் என்னிடம், வன்னியில் முந்திரிகை நட்டு வைன் செய்யலாமா என்று கேட்டார்கள். முந்திரிகை இங்கே வரும். குளிர்காலம் இல்லாததால் கொடி உறங்காது, கத்தரித்துவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை காய்க்கும். யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டுப் பல காலமாகச் செய்கிறார்கள், அங்கே தோலகட்டி ஆச்சிரமத்தின் வைனும் நெல்லி இரசமும் எங்கள் பக்கமெல்லாம் பேர்போனவை. சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்யும் பையனாக இருந்தேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சுவாமி (பங்குக் குரு) இரசத்தைக் கிண்ணத்தில் சில துளிகள் மட்டும் விட்டு, போத்தலைத் துணியில் சுற்றி அலுமாரியில் பூட்டி வைப்பார். முந்திரிகை இரசம் தவிர வேறு எதையும் பூசைக்குப் பாவிக்கக் கூடாது, ஆகவே அந்தப் போத்தல் முடிந்தால் முடிந்ததுதான். அந்தத் தேவைக்கு இங்கே விளைவிப்பது நல்லதே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும், மருந்தடிக்கிற செலவு கூட. அதோடு உலகம் முழுக்க வைன் மிஞ்சிக் கொடியைப் பிடுங்குகிற நேரத்தில், பூநகரியிலிருந்து ஒரு வைனை யாருக்கு விற்பது?

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பானம் இருக்கிறது. அது நிற்காது என்பதுதான் குறை. அதற்கும் வழி கண்டாயிற்று: சூடாக்கிக் கிருமி நீக்கி அடைத்த போத்தல் கள்ளு. இந்த முறையைப் பிரெஞ்சு வைன் கெட்டுப்போகாமல் இருக்க 1860களில் லூயி பஸ்தர் ஆராய்ந்தார், பாலுக்குப் போனது பிறகுதான். எழுபதுகளில் தவறணைகள் (கள்ளுக்கடைகள்) பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தன. குத்தகைக்காரனுக்குச் சீவிக் கொடுத்த தொழிலாளி அங்கத்தவரானார். அது சின்ன விசயம் இல்லை. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. எனக்கு வேண்டியது இன்னும் ஒரு படி: இது பூநகரிப் பனங்கள்ளு, இன்ன பருவத்தில் இறக்கியது, சீனி கலக்காதது என்று பெயர் போட்டு, அந்தப் பெயரைச் சட்டத்தால் காக்க வேண்டும். சீனி கரைத்த கள்ளு இங்கேயும் விற்கிறது. 1907இல் பெசியே கமக்காரர் எதற்கு எழுந்தார்களோ, அதே கலப்படம்தான்.

சீவுகிற ஆட்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முந்திரிகை நட்டால் மூன்று, நாலு வருடத்தில் காய்க்கும். பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது செல்லும். மரத்தை நட்டுவிடலாம், நடுகிறார்கள். ஏணியும் தளநாரும் பாளைக்கத்தியும் எடுத்துக்கொண்டு காலையும் பின்னேரமும் ஏறுகிற பிள்ளைகள் எங்கே? விழுந்தால் முதுகெலும்பு போய்விடும், ஊரில் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். ஐயாவே என்னை ஏற விடவில்லை. லாங்குடொக்கில் மெசின் வந்து எங்கள் வேலையை எடுத்தது. இங்கே பனையில் ஏறுகிற மெசினும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இப்போது ஒரேயொரு அண்ணைதான் சீவுகிறார். இந்த மாசியில் எட்டு மரம் கட்டினார். ஆறு மரம் கள்ளுக்கு, இரண்டு மரத்து முட்டிக்குச் சுண்ணாம்பு. கருப்பநீர் வேண்டும் என்றால் விடிய ஆறு மணிக்கு முதல் பாத்திரத்தோடு வந்து நிற்க வேண்டும், ஏழு மணிக்கு முடிந்துவிடும்.